கடலுக்குப் போன ஒழுங்கை

வாப்பாவின் காணிக்கு நடுவால் ஓர் ஒழுங்கை போனது. ஒழுங்கை என்று சொல்வதுகூடக் கொஞ்சம் கூடுதல்தான். தென்னைகளுக்கு இடையில், கால் பட்டுப் பட்டுப் புல் முளைக்காமல் போன ஒரு மணல்தடம், அவ்வளவுதான். கரைவலை இழுக்கப் போகிறவர்கள் சுபஹு நேரத்தில் அதால்தான் இறங்குவார்கள். மீன் பெட்டி கட்டிய சைக்கிள்கள் அதால்தான் மேலே ஏறும். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது, யார் யார் எத்தனை மணிக்குக் கடலுக்குப் போனார்கள் என்பதை மணலில் இருந்த கால் அடையாளத்தைப் பார்த்தே வாப்பா சொல்லிவிடுவார். அவர் ஒருநாளும் அதற்குக் குறுக்கே வேலி கட்டியதில்லை. கட்டலாம் என்ற நினைப்பே அவருக்கு வந்திருக்காது. கண்டக்குழியில் அந்தத் தடத்துக்கு ஒரு பெயர் இருக்கவில்லை. பெயர் இல்லாதபடியால் எந்த வரைபடத்திலும் அது இருக்கவில்லை.

2011ஆம் ஆண்டு அந்தக் காணியை விற்றோம். யுத்தம் 2009 மே மாதம் முடிந்ததோடு எங்கள் பக்கத்துக் காணி விலை ஏறத் தொடங்கியிருந்தது. அதற்கு முன்னர் பாலாவியிலிருந்து கற்பிட்டி வரைக்குமான பாதையில் வந்து போனவர்கள் யார்? தலவில புனித அன்னாள் ஆலயத் திருவிழாவுக்கு வந்த சனங்கள், வெங்காயமும் மிளகாயும் ஏற்ற வந்த லொறிக்காரர்கள், 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு வந்து இங்கே தங்கிவிட்ட எம்மவர்கள். யுத்தம் முடிந்த பிறகு கறுப்புக் கண்ணாடி போட்ட வாகனங்கள் வந்தன. இறங்கிய மனிதர்கள் காணியைப் பார்க்கவில்லை, கடலைப் பார்த்தார்கள். தென்னை எத்தனை காய்க்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

நானாவுக்கும் ராத்தாவுக்கும் ஆங்கிலம் தெரியாது. நான்தான் படித்தவன், பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவன். உறுதியின் வரைவை நொத்தாரிசு என் கையில் தந்தார். வடக்கே இன்னாருடைய தோட்டம், கிழக்கே பாதை, தெற்கே இன்னாருடைய வளவு, மேற்கே கடற்கரை ஒதுக்கு. எல்லைகள் சரி, ஏக்கர் சரி, தொகை சரி. “என்ன தம்பி, எல்லாம் சரிதானே?” என்று நானா கேட்டார். “சரி நானா, கையெழுத்து வைங்க” என்றேன். காணியின் நடுவில் போன தடத்தைப் பற்றி அந்த உறுதியில் ஒரு வரியும் இல்லை. அது இல்லை என்பது என் கண்ணில் படவேயில்லை. நாற்பது வருடமாக நான் நடந்த தடம்.

இரண்டு வருடம் கழித்து வேலி வந்தது. கொங்கிரீட் தூண், ஐந்து வரிசைக் கம்பி. கரைவலைக்காரர்கள் என் வீட்டு முற்றத்தில் வந்து நின்றார்கள். “சேர், நீங்கதானே வித்தீங்க, நீங்கதான் பேசித் தரோணும்” என்றார்கள். அவர்களில் பாதிப்பேர் என்னிடம் படித்தவர்கள். அன்றிலிருந்து ஐந்தாறு காரியாலயங்களின் வாங்குகளில் குந்தியிருந்து நான் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். எந்தக் காரியாலயம், எந்த உத்தியோகத்தர் என்பதெல்லாம் இதற்குத் தேவையில்லை. அவர்களில் அநேகர் மரியாதையாகத்தான் பேசினார்கள்.

முதலாவதாகப் படித்தது, பாதை என்பது நடப்பதால் உண்டாவதில்லை என்பது. சபையின் வீதிப் பதிவேட்டில் இருக்க வேண்டும், அல்லது நில அளவைப் படத்தில் இருக்க வேண்டும். “பதிவில் இருக்கா சேர்?” என்பதுதான் முதல் கேள்வியும் கடைசிக் கேள்வியும். சட்டத்தரணி ஒருவரிடம் போனேன். பத்து வருடத் தடையில்லாப் பாவனையால் வழியுரிமை உண்டாகலாம், 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் அதற்கு இடம் தருகிறது என்று அவர் சொன்னார். சொல்லிவிட்டு அவரே ஒரு கேள்வி கேட்டார். “நடந்தவர்களுக்கு அங்கே சொந்தக் காணி உண்டா?” வழியுரிமை என்பது ஒரு காணிக்காக இன்னொரு காணியின் மேல் இருக்கும் உரிமையாம். கரைவலை இழுப்பவனுக்குக் காணி ஏது? அவனுக்குக் கடல்தான் இருக்கிறது. பொதுவழி என்று நிரூபிக்கலாம், ஆனால் அதற்கு வழக்கு வேண்டும், வழக்குக்கு வருடங்கள் வேண்டும். வலை இழுப்பவர்கள் அன்றன்றைக்குப் பங்கு வாங்கிச் சீவிப்பவர்கள்.

இரண்டாவதாகப் படித்ததுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. கரையோரத்தில் கட்டடம் கட்டுவதென்றால் ஒருவர் பல கதவுகளைத் தட்டியாக வேண்டும். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டப்படி, உயர்நீர் மட்டத்திலிருந்து கரைப்பக்கமாக 300 மீற்றர் தூரம் கரையோர வலயம். அதற்குள் அபிவிருத்தி வேலை செய்யத் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் தேவை. அந்த அனுமதிப்பத்திரத்தில் நிபந்தனைகள் விதிக்கலாம். நகர அபிவிருத்தி அதிகார சபைக்கு 1978ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பிரதேச சபைகளுக்குக் கட்டட வரைபடங்களை அங்கீகரிக்கும் அதிகாரம் 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டத்திலிருந்தே வருகிறது. அதாவது ஹோட்டல் கட்ட வருகிறவர் எங்கள் முன்னால் கைகட்டி நிற்கிற ஒரு தருணம் இருக்கிறது. வரைபடம் மேசையில் கிடக்கும் அந்தச் சில வாரங்கள். அப்போது “இந்தத் தடத்தை விட்டுக் கட்டுங்கள்” என்று ஊரார் ஒரு கடிதம் கொடுத்திருந்தால் அது கோப்பில் இருந்திருக்கும். கோப்பில் இருப்பதை ஒருவர் மறுத்தாவது எழுத வேண்டும். நாங்கள் எவரும் கடிதம் கொடுக்கவில்லை. அப்படி ஒரு தருணம் இருப்பதே எங்களுக்குத் தெரியாது. நான் முற்றத்தில் கதிரை போட்டுப் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தேன்.

அந்த நாட்களில் எங்கள் பேச்செல்லாம் தீவுகளைப் பற்றியது. கற்பிட்டி ஒருங்கிணைந்த சுற்றுலாத் திட்டம் என்று பெரிதாகப் பேசப்பட்டது. 14 தீவுகள், ஏறத்தாழ 1,670 ஹெக்டேயர், ஆயிரக்கணக்கான அறைகள், உள்நாட்டு விமான நிலையம், கோல்ஃப் திடல். உச்சமுனை, முகத்துவாரம், பத்தலங்குண்டு என்று நாங்கள் மீன் காயவைக்கும் இடங்களாக மட்டும் அறிந்திருந்த பெயர்கள் கொழும்புப் பத்திரிகைகளில் வந்தன. மீனவர் அமைப்புகள் எதிர்த்தன, கூட்டம் போட்டன. நானும் ஒரு கூட்டத்தில் பேசினேன், நன்றாகவே பேசினேன். அந்தப் பெரிய திட்டத்தின் பெரும்பகுதி கடதாசியிலேயே நின்றுவிட்டது. நாங்கள் தீவுகளைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்த நேரத்தில், சின்னச் சின்னக் காணிகளாக, ஓர் ஏக்கர் இரண்டு ஏக்கராக, எங்கள் முதுகுக்குப் பின்னால் கரை கைமாறியது. விற்றவர்கள் நாங்களேதான்.

கைட் சர்ஃபிங் என்று ஒன்று வந்தது. சோளகக் காற்று வீசும் மாதங்களில் எங்கள் வாப்பாமார் வள்ளத்தைக் கரையேற்றிவிட்டு வலை பின்னிக்கொண்டிருப்பார்கள். அந்தக் காற்றுக்குத்தான் இப்போது வெள்ளைக்காரர்கள் காசு கொடுத்து வருகிறார்கள். பட்டத்தில் தொங்கிக்கொண்டு களப்பில் சறுக்குகிறார்கள். மாம்புரியில் காற்றாலைகள் வந்ததும் இதே காற்றுக்காகத்தான். காற்று ஓய்ந்து கடல் அடங்கினால் டொல்பின் பார்க்க வருகிறார்கள். 2009இல் நாட்டுக்கு வந்த உல்லாசப் பயணிகள் ஏறத்தாழ 448,000 பேர், 2018இல் 23 இலட்சம் பேர். அதில் ஒரு சின்னக் கீற்று எங்கள் கரைக்கும் வந்தது. கெட்டது என்று மட்டும் சொல்ல மாட்டேன். என்னுடைய மாணவர்கள் சிலர் பட்டம் விடப் பழக்கும் ஆசிரியர்களாகிவிட்டார்கள், என்னைவிட நன்றாக ஆங்கிலம் பேசுகிறார்கள். என்ஜின் போட்டுக்கு வாடகை கிடைக்கிறது. 2019 ஏப்ரலுக்குப் பிறகும், கொரோனாவிலும், 2022 நெருக்கடியிலும் அதெல்லாம் நின்றபோது, எத்தனை வீட்டு அடுப்பு அதில் எரிந்துகொண்டிருந்தது என்பது தெரிந்தது.

இவ்வளவு நடக்கிற இடத்தில் ஊருக்கு என்ன வந்தது என்று கணக்குப் பார்க்கப் போனேன். கணக்கு வாத்தியார் நான் அல்லன், ஆனாலும் இது பெரிய கணக்கல்ல. பதிவு பெற்ற ஹோட்டல்களின் மொத்த வருமானத்தில் 1 வீதம் சுற்றுலா அபிவிருத்தி வரியாகக் கொழும்புக்குப் போகிறது, 2003ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தின்படி. பெறுமதி சேர் வரியும் கொழும்புக்கு. பிரதேச சபைக்கு 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் தந்தது அனுமதிப்பத்திர வரி. அந்தச் சட்டம் எழுதப்பட்டபோது அதற்கு வைத்த உச்சம் வருடத்துக்கு 1,000 ரூபா. சுற்றுலாச் சபையின் அங்கீகாரம் பெற்ற ஹோட்டலாக இருந்தால் மட்டும் முந்தைய வருட வருமானத்தில் 1 வீதம் வரை அறவிடலாம். இதை வாசித்த அன்று கொஞ்சம் சிரித்துவிட்டேன். ஒழுங்காகப் பதிந்தவன் இலட்சக்கணக்கில் கட்ட நேரிடலாம், பதியாமல் நாலு கபானா போட்டவன் ஆயிரம் ரூபாவோடு போய்விடலாம். பிறகு ஏன் பதிகிறான்? சோலைவரி என்றால், அது அபிவிருத்தியடைந்த பகுதி என்று பிரகடனப்படுத்திய இடங்களில்தான் அறவிட முடியும். மணல் ஒழுங்கைகளை யார் அப்படிப் பிரகடனப்படுத்துவார்கள்? குப்பை மாத்திரம் ஊரில்தான் கிடக்கிறது. (கொழும்புக் குப்பை அருவக்காட்டுக்கு வருகிறது என்று 2018இல் புத்தளமே வீதிக்கு இறங்கியது. எங்கள் கரையில் சேரும் போத்தல்களுக்காக எவரும் இறங்கவில்லை, நான் உட்பட.)

லண்டனுக்குப் பக்கத்தில் ஒரு சபையில் வேலை செய்யும் என் பழைய மாணவன் ஒருவன் விடுமுறையில் வந்திருந்தான். அவனிடம் சொன்னேன். அங்கே 1990ஆம் ஆண்டுத் திட்டமிடல் சட்டத்தில் 106ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறதாம். ஒருவர் வீட்டுத்தொகுதியோ வேறொன்றோ கட்டப்போனால், அதனால் ஊருக்கு ஏற்படும் பாரத்துக்கு ஈடாகப் பாதை, பள்ளிக்கூடம், விளையாட்டிடம், நடைவழி என்று எதையாவது செய்துதரவோ காசாகக் கட்டவோ ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். கையெழுத்தான பிறகுதான் அனுமதி. 2010க்குப் பிறகு சதுர மீற்றருக்கு இவ்வளவு என்ற அறவீடும் அதோடு சேர்ந்திருக்கிறது. “அப்ப அங்க எல்லாம் சரியா நடக்குதா?” என்று கேட்டேன். “எங்க சேர்! லாபம் வராது, கட்டுப்படியாகாது எண்டு கணக்குக் காட்டிக் குறைச்சுப்போடுவாங்க. வருசக்கணக்கா இழுபறி” என்றான். ஆனால் இழுபறி அனுமதிக்கு முன்னால் நடக்கிறது. அதுதான் எனக்குப் பட்டது. இரண்டு தரப்பும் மேசையில் இருக்கிறார்கள். கேட்கிறவனுக்கும் கையில் ஏதோ ஒன்று இருக்கிறது.

நாங்கள் எப்போது கேட்டோம்? வேலி வந்த பிறகு, ஹோட்டல் திறந்த பிறகு. கேட்டவிதத்தையும் சொல்லத்தான் வேண்டும், எங்களுக்குள் பேசும் பேச்சுத்தானே இது. பள்ளி நிர்வாகத்தில் நானும் ஒருவன். நாலுபேர் தொப்பியும் வெள்ளைச் சாரமுமாகப் போனோம். முகாமையாளர் நல்ல மனிதர், தேநீர் தந்தார். நோன்பு காலக் கஞ்சிக்கு அரிசி தருவதாகச் சொன்னார், தந்தார். பள்ளிக்குத் தண்ணீர் மோட்டர் ஒன்று தந்தார். உதைபந்தாட்டப் பையன்களுக்கு ஜேர்சி தந்தார், நெஞ்சில் ஹோட்டலின் பெயர். தடத்தைப் பற்றிப் பேசத்தான் நாங்கள் போனோம். அரிசிக்குப் பிறகு அதை எப்படிப் பேசுவது? ஹக்கைக் கேட்க வேண்டிய நாளைத் தவறவிட்டு ஸதகா வாங்கிக்கொண்டு வந்தோம். வரும் வழியில் எவரும் ஒன்றும் பேசவில்லை. ஒருவர் மட்டும் “நல்ல மனுசன்” என்றார். உண்மைதான், நல்ல மனிதர்தான்.

அந்த மோட்டரையும் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் மண்ணில் நன்னீர் என்பது மணலுக்குள் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கும் ஒரு மெல்லிய வில்லை. கடல்மட்டத்துக்கு மேலே அது ஓர் அடி நின்றால் கீழே ஏறக்குறைய நாற்பது அடி இருக்கும் என்பது விஞ்ஞானக் கணக்கு. மேலே ஓர் அடி இறைத்துக் குறைத்தால் கீழிருந்து உப்பு நாற்பது அடி ஏறப் பார்க்கும். நீச்சல் தடாகத்துக்கு இறைக்கிறார்கள் என்று ஏசுகிறோம். வெங்காயப் பாத்திக்கு நாள் முழுக்க இறைக்கிறவர்களும் நாங்கள்தான், உரத்தைக் கொட்டி அந்த நீரை நைத்திரேற்று ஆக்கியவர்களும் நாங்கள்தான். 1990இல் அகதிகளாக வந்தவர்களுக்கு எங்கள் கிணறுகளைத் திறந்துவிட்டோம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். அது பொய்யில்லை. இன்று ஒரு கட்டடத்துக்கு அனுமதி கேட்கும்போது எவ்வளவு நீர், எந்தக் கிணறு, கழிவு எங்கே என்று கோப்பில் கேட்டு எழுதவைக்க எங்களில் ஒருவரும் போனதில்லை. 2023 மார்ச் முதல் 2025 மே மாதத் தேர்தல் வரை நாடு முழுக்க அநேகமாக எல்லாச் சபைகளும் உறுப்பினர் இல்லாமல் செயலாளர்களின் கையில் இருந்தன. அதைச் சாட்டாகச் சொல்லலாம். அதற்கு முன்னர் உறுப்பினர்கள் இருந்தார்கள். அவர்களிடம் நாங்கள் கேட்டது வீதி விளக்கும் வேலைவாய்ப்பும்.

போன ரமழானில் ஒரு மௌலவியிடம் இந்தத் தடத்துக் கதையைச் சொன்னேன். பாதையின் அகலத்தில் பிணக்கு வந்தால் ஏழு முழமாக வைத்துக்கொள்வது பற்றிய ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறதே, தெரியாதா என்று கேட்டார். தெரியாது. வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தேன். முழம் ஒன்றரை அடி என்றால் ஏழு முழம் பத்தரை அடி. வாப்பாவின் காணித் தடம் ஏறக்குறைய அந்த அகலம்தான் இருந்தது. அவர் கிதாபு பார்த்து அதை விட்டிருக்க மாட்டார். வலையைக் காவிக்கொண்டு இருபக்கமும் ஆட்கள் நடக்க அவ்வளவு இடம் வேண்டும், அதனால் அவ்வளவு.

இப்போது ராத்தாவின் மகள் தன் காணியை விற்கப்போகிறாள். விற்றுப்போன காணிக்குத் தெற்கே கிடப்பது. வேலி வந்த நாளிலிருந்து கரைவலைக்காரர்கள் அதன் ஓரத்தால்தான் சுற்றிப் போகிறார்கள். மகளின் கலியாணம் இருக்கிறது, வீட்டுக்குச் சீற்றுப் போட வேண்டியிருக்கிறது, மாப்பிள்ளை வெளிநாட்டிலிருந்து வெறுங்கையோடு வந்துவிட்டார். அவள் விற்கக் கூடாது என்று சொல்ல எனக்கு வாயில்லை. உறுதி எழுதுவதற்கு முன்னர் நில அளவையாளரைக் கொண்டு தடத்தைப் படத்தில் வரைவிப்போம், பொதுவழி என்று ஒதுக்கி உறுதியிலும் எழுதுவிப்போம், வாங்குகிறவர் கட்டட அனுமதிக்குப் போகும்போது அந்தப் படத்தோடுதான் போக வேண்டிவரும் என்று மட்டும் சொன்னேன்.

“அப்படிப் போட்டா எவ்வளவு குறையும் மாமா?” என்று கேட்டாள்.

கடதாசியில் போட்டுக் காட்டினேன். பாதையிலிருந்து கரைவரை நானூறு அடி. பத்தரை அடி அகலம். நாலாயிரத்து இருநூறு சதுர அடி. பேர்ச்சுக்கு இருநூற்று எழுபத்திரண்டேகால் என்று பிரித்தால் பதினைந்தரைப் பேர்ச்சுக்குக் கொஞ்சம் குறைவு. தரகர் சொன்ன விலையால் அவளே பெருக்கினாள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். கலியாணச் செலவில் பாதிக்குக் கிட்ட அது வரும்.

“நீங்க அண்டைக்கு வாசிச்சிருந்தா அது அந்தக் காணியில போயிருக்கும், இல்லையா மாமா” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

ஓம் என்றேன்.

தரகர் தொலைபேசியில் இரண்டு தடவை எடுத்துவிட்டார். வழி இருந்தால் கட்சிக்காரர் பின்வாங்கிவிடுவார் என்கிறார். பின்வாங்குவாரோ, விலையைக் குறைக்கச் சொல்கிறாரோ தெரியவில்லை. மருமகள் இன்னும் முடிவு சொல்லவில்லை. ஆனால் நில அளவையாளரை வரவேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவர் வியாழக்கிழமை வருகிறார். சங்கிலி பிடிக்கக் கரைவலைப் பையன்கள் இரண்டு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.